அத்தான் எடுத்த பேட்டி

அத்தான் பேனா மூடியைத் திருகிக் கழற்றியதும் எனக்குப் போன உயிர் திரும்பியது போலிருந்தது. ஜப்பான்காரன் காலம். என் அக்காவின் கணவரான அவர் அப்போது மந்திரி. அதற்குமுன் பத்திரிகைக்காரர். துறைமுகத்தை ஒட்டி நாங்கள் இருந்த தஞ்சோங் பகார் குடியிருப்பில் தண்ணீர் இல்லாததை விடாமல் எழுதி, எங்களுக்குக் குழாய் வாங்கித் தந்தவர். அந்தப் பேனாதான், போர்க்காலத்தில் ஜப்பான்காரன் துணையோடு நம்மவர்கள் இங்கே அமைத்த அரசாங்கத்தில் அவரைப் பிரசார மந்திரியாக்கியது.

துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாயிருந்த என் கணவரை, வேலை செய்த இடத்திலிருந்தே ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மழைக்காலம் முடிந்தும் சேதியில்லை. கைக்குழந்தையோடு அத்தான் முன்னால் போய் உட்கார்ந்தேன். மந்திரியைத் தொல்லைப்படுத்துகிறோமோ என்று தயங்கித்தான் கேட்டேன்.

"உயிரோட இருக்காரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க அத்தான்."

பெயர், வயது, வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். "கடைசியா உங்கிட்ட என்ன சொன்னாரு?"

"காலையில வேலைக்குப் போகும்போது, பிள்ளையப் பாத்துக்கன்னாரு."

விசாரிக்கத்தான் எழுதுகிறார் என்று நம்பினேன். மறுநாள் பத்திரிகையில் என் கணவர் தாமாகவே லாரியில் ஏறியிருந்தார். பிள்ளையை நாட்டுக்காக வளர்க்கச் சொல்லியிருந்தார். நான் சிரித்த முகத்தோடு வழியனுப்பியிருந்தேன்.

ஓடிப்போய்க் கேட்டேன். "நீ சொன்னதக் கொஞ்சம் செப்பம் பண்ணேன், அவ்வளவுதான். ஊரே உன்னப் பேசுது, சந்தோஷப்படு" என்றார். அக்கா சர்க்கரை போட்ட காப்பி தந்தாள். மரவள்ளிக்கிழங்கே சாப்பாடாயிருந்த நாளில் அதை நான் குடித்தேன். குடித்திருக்கக் கூடாதோ?

அதைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் சயாம் வேலைக்குத் தாமே போய்ப் பெயர் கொடுத்தார். "கிராணியே விரும்பிப் போயிருக்காருனா அங்க சோறு இருக்கும்லா!"

"அது பொய்ண்ணே" என்று அழுதேன்.

"அவரு எழுதித்தான் இந்தக் குழாயே வந்துச்சு. பொய்யா எழுதுவாரு?"

பக்கத்து வீட்டுக்காரர் திரும்பவில்லை. சண்டை முடிந்து சயாமிலிருந்து வந்த ஒருவர், என் கணவர் மழைக்கு முன்பே காலராவில் போய்விட்டதாகச் சொன்னார். நான் அத்தானிடம் கெஞ்சியபோது அவர் மண்ணுக்குள் இருந்திருக்கிறார்.

மந்திரி பதவி போனதும் அத்தான் மறுபடி பத்திரிகைக்கே போய்விட்டார். குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்து, "உன் புருஷனாவது பேப்பர்ல இருக்காரு" என்கிறாள்.

என் மகள் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அக்கா வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் அந்தப் பத்திரிகைப் பக்கத்தைத்தான் முதலில் முழுசாகப் படித்தாள். அப்பா அப்படிச் சொல்லவில்லை, உன்னைப் பார்த்துக்கொள்ளத்தான் சொன்னார் என்றேன்.

"இல்லம்மா, நீங்க மறந்துட்டீங்க" என்றாள்.