சவுக்குத்தோப்பு ஓரம் நட்ட கல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ப்ளஸ் ஒன் படித்தேன். புவியியல் சார் என்றால் எனக்கு உயிர். “கடல் எவ்வளவு நிலத்தை அரிக்குதுன்னு நாமளே போய் அளக்கப் போறோம்” என்று அவர் சொன்னதும் முதலில் பெயர் கொடுத்தவள் நான்தான்.

கோவளம் தாண்டி ஒரு மீனவர் குப்பத்தில் வேன் நின்றது. கடலை விட்டுவிட்டு, சவுக்குத்தோப்பு ஓரமாக அளக்கச் சொன்னார் சார். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. டேப் பிடித்து அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, மூலைக்கு மூலை வெள்ளைக்கல் நட்டோம்.

அந்த ஊர்ப் பெண்கள் ஓடிவந்து எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். “இன்னாம்மா, வலை காயப்போட்ற எடத்துல கல்லு நட்டுக்கினு கீறீங்க? ப்ளாட் போட வந்தீங்களா?” என்று ஒரு அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். நான் சாரைப் பார்த்தேன்.

“நான் கடலைத்தான் அளக்கச் சொன்னேன். இந்தப் பொண்ணுதான் விளையாட்டா நட்டுட்டா” என்றார்.

அழுதுகொண்டே எல்லாக் கல்லையும் பிடுங்கினேன். திரும்பி வந்தபோது வேன் அருகே ஒருவர் சாரிடம், “எத்தனை மனை சார் தேறும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“அடுத்த வாரம் பி செக்‌ஷனைக் கூட்டிட்டு வந்து சொல்றேன்” என்றார் சார்.

இப்போது என் மகளைப் பள்ளியிலிருந்து வெளியே அழைத்துப் போவதென்றால், எங்கே, எதற்கு, யாருடைய இடம் என்று நேரில் போய்க் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

“டீச்சருங்க மேல உனக்கு நம்பிக்கையே கிடையாதாம்மா?” என்கிறாள்.

“இருந்துதுடி” என்கிறேன்.