பின் சீற்றில் பெற்றோல் மணம்

என் மகளை எங்கள் குடும்பமே பொய்க்காரி ஆக்கியது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீடு திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்ட. கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், கிளிவெட்டியில் வயல் செய்கிறார். சனிக்கிழமைகளில் காரில் அங்கே போவோம். கிண்ணியாப் பாலம் வருவதற்குள் மகள் பின் சீற்றில் கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டிவிடுவாள். "அம்மா, பெற்றோல் மணக்குது" என்பாள். பாலம் தாண்டியதும் ஓங்காளித்துச் சத்தி எடுப்பாள்.

கணவரிடம் பதில் தயாராக இருக்கும். "பெற்றோல் காரில பெற்றோல் மணக்காமல் பாயாசமோ மணக்கும்?" தன் பகிடிக்குத் தானே சிரிப்பார். முன் சீற்றில் எனக்கு மணம் அவ்வளவாக வராது. ஆனால் சனிக்கிழமை காலையில் கார்க் கதவைத் திறந்தால் குப்பென்று அடிக்கும். சொன்னால், "உமக்கும் மகளுக்கும் ஒரே மூக்கு" என்று விடுவார்.

நான் விடாமல் அரித்ததால் கராஜுக்குக் கொண்டுபோனார். அதுவும் ஒரு புதன்கிழமை. மெக்கானிக் முன்மூடியைத் திறந்து குழாய்களைத் தடவினார், காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். "ஒரு சொட்டும் ஒழுகேல்லை, அண்ணை. சில பிள்ளையளுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது" என்றார். கணவர் வெற்றிவீரர் போல ஒரு வாசனைப் போத்தலை வாங்கி முன்பக்கக் கண்ணாடியில் தொங்கவிட்டார். அதன்பிறகு பெற்றோலும் மல்லிகையும் சேர்ந்து மணந்தன.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் கணவர் போகுமிடமெல்லாம் கதை சொன்னார். கிளிவெட்டிக்குப் போகும்போது மட்டும்தான் பிள்ளைக்குச் சத்தி வருகிறதாம், திரும்பி வரும்போது ஒன்றுமில்லையாம், பள்ளிக்கூடம் போகும்போதும் இல்லையாம். ஆகவே நடிப்பாம். மச்சாள் அதைப் பிடித்துக்கொண்டார். "செல்லம் கூடினால் இப்பிடித்தான். எங்கட வீடு பிடிக்கேல்லையெண்டால் நேரா சொல்லட்டும்" என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்னார். அன்று மகள் சாப்பாட்டைத் தொடவில்லை. அதற்கும் பேச்சு வாங்கினாள். நான் வாய் திறந்தால், தாய் கொடுக்கிற இடம்தான் எல்லாம் என்றார்கள்.

பிறகு மச்சாள் கண் கிளினிக்குக்கு நகரத்துக்கு வந்து வெள்ளி இரவு எங்களோடு தங்கினார். மறுநாள் அவரைக் கொண்டுபோய் விடவேண்டும். அவர் ஏறினால் முன் சீற் அவருக்குத்தான். அதனால் நான் முதல்தடவையாக அந்தப் பாதையில் மகளோடு பின்னால் இருந்தேன்.

பாலம் வரை போகத் தேவையிருக்கவில்லை. மணம் முன்னாலிருந்து வரவில்லை. எனக்குக் கீழே, சீற் மெத்தைக்கும் சாய்வுக்கும் இடையிலிருந்த இடுக்கால் வந்தது. கண் எரிந்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில்தான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது.

நாட்டில் பெற்றோல் தட்டுப்பட்டு நாள்கணக்காக வரிசையில் கிடந்த அந்தக் காலத்துக்குப் பிறகு என் கணவரால் தாங்கியை நிரப்பாமல் தூரப் பயணம் போக ஏலாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பெற்றோல் ஷெட்டுக்குப் போய்த் தாங்கியின் கழுத்து வரை நிரப்புவார். வீட்டுக்கு வந்ததும் சில்லுகளுக்குத் தேசிக்காய் வைத்து, காரைச் சுற்றிக் கற்பூரம் காட்டுவார். சனிக்கிழமை காலையில் தாங்கி நிறைந்திருக்கும். திரும்பி வரும்போது முள் இறங்கியிருக்கும். பள்ளிக்கூட நாட்களிலும், கராஜுக்குப் போன அந்தப் புதன்கிழமையும் இன்னும் இறங்கியிருக்கும். நடிப்புக்குச் சாட்சி என்று அவர் சொன்ன அத்தனையும் பின் சீற்றுக்குக் கீழே இருக்கும் தாங்கியின் மேல்பக்கம் ஒழுகுகிறது என்பதற்குச் சாட்சி.

கிளிவெட்டியில் சாப்பிட்டுவிட்டு மச்சாள் உள்ளே படுத்ததும் நான் போய்ப் பின் சீற் மெத்தையை இரண்டு கையாலும் இழுத்தேன். கழன்று வந்தது. அடியில் ஒரு வட்டத் தகரமூடி. பாதி ஆணிகளைக் காணவில்லை. அதைக் கிளப்பினால் தாங்கியின் மேல்மூடியைச் சுற்றி மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. காய்ந்து வெடித்து, ஒரு பக்கம் பெற்றோலில் ஊறிக்கிடந்தது. நான் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம். அதில் ஒரு பெருவிரல் அழுத்திய பள்ளம் கூட இருந்தது.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் வெளிறிப்போனது.

"அது... வரிசைக் காலத்தில. கார் பெற்றோலை எடுத்து மோட்டார்சைக்கிளுக்கு விட்டனான். பெற்றோல் அடிக்கிற வாய்க்குள்ளால குழாய் போகேல்லை, இதைக் கழட்டினனான். ரப்பர் வளையம் கிழிஞ்சு போச்சு. அப்ப எங்க சாமான் கிடைச்சது? சவர்க்காரத்தை அப்பி மூடினனான். பிறகு மறந்தே போனன்."

பெற்றோல் எடுத்ததற்கு எனக்குக் கோபமில்லை. அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் என்னவெல்லாமோ செய்தோம். ஆனால் வெள்ளிக்கு வெள்ளி இந்த ஈரத்தைச் சுற்றித்தான் கற்பூர நெருப்பைக் கொண்டுபோயிருக்கிறார். மகள் சொன்னபோதெல்லாம் ஒருநாளாவது இந்த மூடி அவருக்கு நினைவு வரவில்லை. அவள் நடிக்கிறாள் என்பது மட்டும் பிசகாமல் நினைவிருந்தது.

"அப்ப நான் நடிக்கேல்லைத்தானே?" என்று மகள் பின்னாலிருந்து கேட்டாள்.

அவர் மூடியைத் திரும்ப வைத்து அமுக்கினார். என்னிடம், "அக்காட்ட இதைச் சொல்லாதையும்" என்றார்.

எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். திங்கட்கிழமை நானும் கராஜுக்குப் போனேன். சவர்க்காரத்தைச் சுரண்டும்போது மெக்கானிக், "ஆர் அண்ணை இப்பிடி அப்பினது?" என்று கேட்டார். "முந்தி ஒருத்தன்" என்றார் என் கணவர். "அந்த ஒருத்தன் இவர்தான்" என்றேன். மெக்கானிக் சிரிக்கவில்லை; புது ரப்பர் வளையம் போட்டு, ஆணிகளெல்லாம் இறுக்கித் தந்தார். வெள்ளிக்கிழமை வழக்கம்போலக் கழுத்து வரை நிரப்பி, கண்ணாடிகளைப் பூட்டி வைத்தோம். காலையில் கதவைத் திறந்தேன். மல்லிகை மட்டும் மணந்தது. அந்தப் போத்தலைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தேன்.

அன்று மகள் கண்ணாடியை இறக்காமலே கிளிவெட்டி வரை வந்தாள். மச்சாள் படலையடியில் நின்றிருந்தார். "என்ன, இண்டைக்கு நடிப்பு இல்லையோ?" என்றார். என் கணவர் சிரித்துக்கொண்டே சாமான் இறக்கப் போனார். டிக்கியை அறைந்து மூடினேன்.

"ஒரு சாமானும் இறங்காது. முதல்ல சொல்லுங்கோ."

கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வளையம், சவர்க்காரம், எல்லாம். "பிள்ளை சொன்னது உண்மைதான், அக்கா" என்று முடித்தார்.

மச்சாள் கையை விசுக்கினார். "சரி விடு. சின்னப்பிள்ளைதானே, மறந்திடும்."

"நான் மறக்க மாட்டன், மாமி" என்றாள் மகள். "அப்பாதான் மறக்கிறவர்."