பூப் போட்ட இடம்

எங்கள் ஊர் மயானத்தை ஊர் வரைபடத்தில் போடாமல் விட்டவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி அந்தத் திட்ட அதிகாரியைப் பற்றியும் அவர்கள் அச்சடித்த வழவழப்பான புத்தகத்தைப் பற்றியும் வாய்க்கு வந்தபடி பேசப்போகிறேன். அப்போது யாரும் என்னைப் பார்த்து, உன் கை மட்டும் சுத்தமா என்று கேட்கக் கூடாது. சுத்தமில்லை. அன்றைக்கு அதில் ஐந்து நிறத்தில் கோலமாவு ஒட்டியிருந்தது.

ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, நடுவில் இறங்கி, காப்பித் தோட்டத்துக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர் வரும். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பத்துக் கார் வந்து நிற்கும். நான் இங்கே அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். என் கணவர் வாடகை ஜீப் ஓட்டினார். ஆறு வருடத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துபோனார். எங்கள் ஊரில் புதைப்பதுதான் வழக்கம். ஊருக்கு மேற்கே, ஊற்றைத் தாண்டி, ஒரு சரிவில் அவர் இருக்கிறார். அங்கே நின்றால் கீழே சமவெளி முழுக்கத் தெரியும். மனுஷனுக்கு வேடிக்கை பார்ப்பது பிடிக்கும், நல்ல இடம்தான் கிடைத்திருக்கிறது என்று அன்றைக்கு எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அது ஆறுதலாக இருந்தது.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஊராட்சியின் ஜீப் வந்தது. கூடவே சேலத்திலிருந்து ஒரு திட்ட அதிகாரியும் வந்திருந்தார். இளவயது, இஸ்திரி கலையாத சட்டை, பேச்சில் நல்ல இனிப்பு. ஊரை மேம்படுத்த ஒரு பெரிய திட்டம் தயாராகிறதாம். அதற்கு முதல் வேலை, ஊர் மக்களே தங்கள் ஊரை வரைந்து காட்டுவதாம்.

"இனிமே உங்களுக்கு என்ன வேணும்னு ஆபீஸ்ல உக்காந்து நாங்க முடிவு பண்ணமாட்டோம். நீங்க சொல்லணும், நீங்க வரையணும். நாங்க வெறும் பேனா பிடிக்கிற ஆளுங்க," என்றார்.

நாங்கள் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன், எல்லோரையும்விடச் சத்தமாக. இப்போது நினைத்தால் அந்தக் கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை.

வரைவது காகிதத்தில் இல்லை, தரையில். ரேஷன் கடைக்கு முன்னால் இருக்கிற களத்தைக் கூட்டிச் சாணம் தெளித்தோம். ஜீப்பிலிருந்து கோலமாவுப் பொட்டலங்களை இறக்கினார்கள். வெள்ளை ரோட்டுக்கு, நீலம் தண்ணீருக்கு, பச்சை தோட்டத்துக்கு, மஞ்சள் வீட்டுக்கு. இல்லாதது எதுவோ, வேண்டியது எதுவோ, அதெல்லாம் சிவப்பில். ஊரில் கோலம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தலைக்கனம் எனக்கு உண்டு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மணி நேரம் குனிந்த முதுகு நிமிரவில்லை. கோயில், தண்ணீர்த் தொட்டி, பலா மரம், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் வரிசை, ஒவ்வொரு வீடும் அதனதன் வாசல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக. பிறகு சிவப்பை எடுத்தேன். அங்கன்வாடிக் கழிப்பறைக்குக் கதவு இல்லை, அதற்கு ஒன்று. பஸ் நிற்கிற இடத்தில் மழைக்கு ஒதுங்கக் கூரை இல்லை, அதற்கு ஒன்று. ஊற்றுப் பாதையில் விளக்கு இல்லை, அதற்கு ஒன்று. ஒவ்வொன்றையும் போடும்போது அதிகாரி தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். அவர் எழுதுவதைப் பார்க்கப் பார்க்க, நாளைக்கே கதவு வந்துவிடும் என்று தோன்றியது.

கடைசியாக மேற்குப் பக்கம் மிச்சமிருந்தது. வெள்ளை மாவை எடுத்து ஊற்றைத் தாண்டிப் பாதை போட ஆரம்பித்தேன். அப்போது பக்கத்து வீட்டு அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் முதலில் வந்து நிற்கிறவர் அவர்தான்.

"அட என்ன சாமி பண்ற? தை மாசம், வெள்ளிக்கெழம. கோலமாவுல போயி அத வரைவாங்களா? நொம்பத் தப்பு கண்ணு."

சுற்றி இருந்த பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எங்கள் ஊரில் நல்ல நாளில் மயானம் என்று வாயால்கூடச் சொல்வதில்லை. 'மேக்க' என்று சொல்லிவிடுவோம். அவர் மேக்க போய்விட்டார், மேக்க போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம், அவ்வளவுதான். வாயால் சொல்லாததைக் கோலத்தில் எப்படிப் போடுவது? எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கையை இழுத்துக்கொண்டேன்.

அத்தோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அந்த மூலை மட்டும் வெறும் தரையாகக் கிடந்தது. இவ்வளவு அழகாகப் போட்டுவிட்டு ஒரு மூலையை மொட்டையாக விட எனக்கு மனம் வரவில்லை. மிஞ்சிய மாவையெல்லாம் கூட்டி, அங்கே எட்டு இதழில் ஒரு பெரிய பூப் போட்டேன். என் கணவர் தலைமாட்டில் பூப் போட்டது மாதிரி இருக்கட்டும் என்று எனக்குள் ஒரு நினைப்பு. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அதிகாரி வந்து பார்த்தார். "இந்த இடத்துல என்ன இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "அங்க ஒண்ணுமில்லீங்க சார்."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு ஜீப் மேல் ஏறி நின்று கோலத்தைப் படம் பிடித்தார். வருகைப் புத்தகத்தில் எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டோம்.

மாசி போய்ப் பங்குனியும் வந்தது. கதவு வரவில்லை. ஒரு நாள் காலையில் கணவருக்குக் கும்பிடப் போனேன். ஊற்றைத் தாண்டியதும் ஒரு பலகை நின்றது. அதில் பச்சைப் புல்தரை, வட்ட வட்டமாகப் பூச்செடி, கார் நிறுத்த இடம், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு சமவெளியைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு குடும்பம். 'காட்சிமுனைப் பூங்கா அமையவிருக்கும் இடம்' என்று எழுதியிருந்தது. அந்தச் சிரிக்கிற குடும்பம் நிற்கிற இடத்தில்தான் என் கணவர் இருக்கிறார்.

கிட்டே போய்ப் பார்த்தேன். சரிவில் இருந்த தலைக்கல் ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயின்ட்டில் எண் போட்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக. அகற்ற வேண்டிய கற்களாம். கடைசியாக இருந்தது அவருடைய கல். பதினேழு. பெயின்ட் வழிந்து, அவர் பெயரின் பாதி எழுத்தை மூடியிருந்தது. உயிரோடு இருந்த வரைக்கும் ஜீப்பில் ஒரு கீறல் விழுந்தால் சாப்பிடமாட்டார் அந்த மனுஷன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முந்தானையால் தேய்த்தேன். போகவில்லை.

நேராக ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அந்த அதிகாரியும் அன்று அங்கே இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று முகமெல்லாம் சிரிப்பாக, "உங்களுக்குத்தான் ஒரு காப்பி எடுத்து வச்சிருந்தேன்," என்று ஒரு புத்தகத்தை நீட்டினார். ஊர் மேம்பாட்டுத் திட்டம். அட்டையில் என் கோலம், முழுப் பக்கத்துக்கு.

உள்ளே புரட்டினேன். நான் சிவப்பில் போட்டது எதையும் காணோம். கதவு இல்லை, கூரை இல்லை, விளக்கு இல்லை. பின்னர் பரிசீலிக்கப்படும் என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். மேற்கு மூலையில் நான் போட்ட எட்டு இதழ்ப் பூவைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் போட்டு, 'பூங்கா: மக்களின் விருப்பம்' என்று அச்சடித்திருந்தார்கள்.

"அது பூங்கா இல்லீங்க சார். அது மயானமுங்க. எங்க ஊட்டுக்காரர் அங்கதான் இருக்கறாருங்க."

"அப்படி ஒண்ணும் ரெக்கார்டுல இல்லையேம்மா. புறம்போக்குன்னுதான் இருக்கு. அன்னைக்கு நான் கேட்டேனே, ஒண்ணுமில்லன்னு நீங்கதான சொன்னீங்க? நீங்களே பூவும் போட்டு, கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

"கல்லு கல்லா நிக்குதுங்களே, அதக்கூடவா பாக்கல? நம்பர் போட வந்த ஆளுக்குக் கண்ணு இல்லீங்களா?"

"மரியாதையா வேற இடம் ஒதுக்கித் தர்றோம். எல்லாம் உங்க ஊர் நல்லதுக்குத்தான். நாலு பேர் வந்தா நாலு கடை வரும்."

அவர் கத்தவில்லை, மிரட்டவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கடைசி வரைக்கும் அந்த இனிப்பு குறையாமலே பேசினார். எங்களைக் கேட்டுத்தான் எல்லாம் செய்ததாக அவர் உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்தார். கேட்காமல் செய்கிறவனையாவது சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். கேட்டுவிட்டு, சொன்னதையெல்லாம் தள்ளிவிட்டு, சொல்லாத ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கும் நம் கையெழுத்தையே காட்டுகிறவனை என்ன செய்வது? நான் கிளம்பும்போது ஊராட்சிச் செயலர் பின்னாலேயே வந்தார். மே தினத்தன்று கிராம சபை, பூங்காவுக்குத் தீர்மானம் அன்றைக்குத்தான், அதிகாரிகள் வருகிறார்கள், வாசலில் வரவேற்புக் கோலம் நீங்கள்தான் போட வேண்டும் என்றார். சரிங்க என்றேன்.

மே முதல் தேதி விடிந்ததும் மாவோடு போய்விட்டேன். ரேஷன் கடைக்கு முன்னால், அதே களத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்குள் போகிற வாசல் முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், மேற்குச் சரிவை வரைந்தேன். ஊற்று, பாதை, காப்பித் தோட்டத்து வேலி, ஒவ்வொரு கல்லும் இருக்கிற இடத்தில். ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் அது யாருடையது என்று எழுதினேன். தண்ணீருக்கு வந்த பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு நின்றார்கள். ஒருத்தி, "எங்க மாமியா கல்லு இன்னும் கொஞ்சம் கீழ வருங்க," என்றாள். அதற்கப்புறம் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்கா வருவதைப் பார்த்ததும் எனக்குப் பயம்தான். அன்று வெள்ளிக்கிழமை இல்லைதான், ஆனாலும் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கோலத்தைச் சுற்றி வந்தார். பதினேழு கல்லுக்கும் தள்ளி, வேலியோரத்தில் நான் வெறுமையாக விட்டிருந்த இடத்தில் குந்தினார். ஒரு சிட்டிகை மஞ்சள் மாவை எடுத்து ஒரே ஒரு புள்ளி வைத்தார்.

"அங்க கல்லு எதுவும் இல்லீங்களேக்கா," என்றேன்.

"வெக்கல கண்ணு. பொறந்து ஒம்பது நாள்தான். அதுக்கெல்லாம் கல்லு வெக்கமாட்டாங்க. நீ வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடி."

பல வருடம் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்ந்திருக்கிறோம். எனக்குத் தெரியாது. அங்கே ஒண்ணுமில்லை என்று அந்த அதிகாரியிடம் சொன்ன வாய் அந்த வாய்தான்.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி இறங்கி, கோலம் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், எழுத்துகளைப் படித்ததும் நின்றுவிட்டார். மிதிக்காமல் உள்ளே போக வழியில்லை. ஊர்ப் பெண்கள் எல்லோரும் இரண்டு பக்கமும் நின்றோம்.

அக்கா முன்னால் போனார். "அன்னிக்கி ஒண்ணுமில்லீன்னு நாந்தானுங்க சொன்னேன். பொய்யிங்க சார். எம்புள்ள அங்க இருக்குது."

பூங்காத் தீர்மானத்தை அன்று படிக்கவில்லை. ஒத்திவைப்பு என்று எழுதினார்கள். ஒத்திவைப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் கழிப்பறைக் கதவும் ஒத்திவைப்பில்தான் இருக்கிறது. பலகை இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. அந்தக் குடும்பம் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது.

மறுவாரம் நான் தேங்காய் நாரும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு மேற்கே போனேன். என் கணவர் கல்லில் இருக்கிற மஞ்சள் பதினேழைத் தேய்த்து எடுக்க வேண்டும். அக்காவும் கூட வந்தார். ஊற்றிலிருந்து ஒரு சின்னக் கல்லைப் புரட்டி எடுத்து, மடியில் வைத்துச் சுமந்து வந்தார். வேலியோரத்தில் குழி தோண்டி அதை நட்டார். மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்திவிட்டு நான் தேய்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத அழிக்காத சாமி," என்றார். "அப்புறம் இங்க ஒண்ணுமில்லீம்பாங்க. அந்த மஞ்சப் பெயின்ட்டு எங்காச்சும் வாங்கியா. எம்புள்ள கல்லுல பதினெட்டுன்னு எழுது."