மலைச்சனத்தின் ‘நான்’

வட்டக்கச்சியில் இருந்துகொண்டு தபால்வழியாக மொழியியல் படித்த காலம். பப்புவாவின் நூற்றுக்கணக்கான மொழிகளை அறிஞர்கள் எப்படிக் குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. மற்றச் சொற்களைப் போல ‘நான்’, ‘நீ’ என்பவற்றை மொழிகள் லேசில் கடன் வாங்குவதில்லையாம். அதனால் அவற்றை வைத்தே உறவு பார்ப்பார்களாம். மலைப்பகுதி மொழிகள் பலவற்றில் ‘நான்’ என்பதற்கு ‘நா’ என்ற மாதிரி ஒரு சொல் வருவதால், அவற்றை ஒரு பெருங்குடும்பம் என்று பாடப்புத்தகம் சொன்னது.

அந்த நாட்டு மலைகளில் பல வருடம் ஊழியம் செய்துவிட்டு வந்த பாதிரியார் ஒருவர் கிளிநொச்சியில் இருந்தார். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். சைக்கிளில் போய், அந்தச் சனம் ‘நான்’ என்பதற்கு என்ன சொல்லும் என்று கேட்டேன். யோசிக்காமலே சொன்னார்: ‘மீ’. ‘நீ’க்கு ‘யூ’. சாப்பாட்டுக்கு ‘காய்காய்’.

திரும்பும்போது கால் நிலத்தில் படவில்லை. சைக்கிளில் வந்ததால் மட்டுமல்ல. எந்தக் குடும்பத்திலும் சேராத மொழியொன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். காய்காய்க்கும் நம்முடைய காய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதினேன்.

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் அக்கா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். உரக்க வாசித்துக் காட்டினேன். அவர் கையை நிறுத்தவில்லை.

“மீ, யூ. இது இங்கிலீஷ் எல்லோடா?”

மறுபடியும் கிளிநொச்சிக்கு மிதித்தேன். விஷயத்தைக் கேட்டு ஃபாதர் இருமல் வரும்வரை சிரித்தார். அவர் அங்கே பேசியது, ஆங்கிலம் கலந்து நாடு முழுக்கப் புழங்கும் பொதுமொழியாம். மலைச்சனத்தின் சொந்த மொழி காதில் விழுந்தால் பாதி விளங்கும், பேச வராதாம்.

அதில் ஒரு ‘நான்’கூடக் கேட்டதில்லையா என்றேன். தாடியைத் தடவியபடி நெடுநேரம் யோசித்தார். ஒரு மனுசி நெஞ்சில் அடித்தடித்து ‘நா, நா’ என்று தொடங்குவாராம்.

எனக்குப் புல்லரித்தது. அதற்குப் பிறகு வந்த சொற்களையும் கேட்டேன்.

“அது பாவசங்கீர்த்தனம் தம்பி, தன்ர பாவத்தை என்னட்ட ஒப்புக்கொண்டது. முதற்சொல்லுக்கு மேல வெளியில சொல்லேலாது.”

“பாவத்தை நீங்களே வைச்சிருங்கோ ஃபாதர். வினைச்சொல்லை மட்டும் தாங்கோ.”

“வினைச்சொல்லிலதானே தம்பி பாவமே இருக்கு.”

எவ்வளவு மன்றாடியும் அவர் அசையவில்லை. ஒற்றைச் சொல்லை வைத்துக் குடும்பம் கட்ட முடியாது. கட்டினால் ‘நான்’ என்று சொல்லும் நாங்களும் பப்புவாக்காரர் ஆகிவிடுவோம். ‘பெருங்குடும்பத்தில் சேரக்கூடும், சான்று போதாது’ என்று எழுதி அனுப்பினேன்.

மாதங்கள் கழித்துத் திரும்பி வந்த கட்டுரையின் ஓரத்தில், மேலதிகச் சான்று ஏன் திரட்டப்படவில்லை என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார்கள். தகவல் தந்தவர் ஆண்டவருக்குப் பயந்து மறுத்துவிட்டார் என்று பதில் எழுதினேன்.