வட்டக் கண் பல்லியும் அலமேலுவின் சான்றிதழும்

போன செவ்வாய்க்கிழமை காலை. காபியும் பேப்பருமாக உட்கார்ந்தேன். உள்பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி... 'கல்வராயன் மலையில் புதிய பல்லி இனம் கண்டுபிடிப்பு.' கூடவே ஒரு போட்டோ. பாறை மேல் விரலளவு பல்லி ஒன்று கேமராவை முறைத்துக்கொண்டிருந்தது.

காபி புரையேறிவிட்டது.

ஏனென்றால் அந்தப் பல்லியை எனக்குத் தெரியும். சும்மா பார்த்த பழக்கம் இல்லை... அதன் தொடையில் எத்தனை துளை இருக்கிறது என்று எண்ணியிருக்கிறேன். அதுவும் மூன்று தடவை. மூன்று தடவையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது என்பது தனி விஷயம்.

"ஒரு பல்லிக்கா இவ்வளவு இருமல்?" என்றார் மனைவி, என் தலையில் தட்டியபடி. "பல்லின்னா பல்லி. இதுல என்ன பெரிய வித்தியாசம்?"

இந்தக் கேள்வியை இவ்வளவு அலட்சியமாகக் கேட்ட இன்னொருவரை எனக்குத் தெரியும். சொல்கிறேன்.

முப்பத்தைந்து வருஷத்துக்கும் முந்தைய கதை. அப்போது நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர் – தற்காலிகம். வேலை அடிக்கடி போகும், திரும்ப வரும், மறுபடி போகும். இடையில் முனைவர் பட்டம் என்று ஓர் ஆசை. கச்சிராயபாளையத்தில் அறை எடுத்துத் தங்கி, விடிந்தால் கல்வராயன் மலைக்குக் கிளம்பிவிடுவேன். பாம்பு, ஓணான், அரணை... ஊர்வது எதுவானாலும் நோட்டில் ஏறும்.

எனக்கு வழிகாட்டி சடையன். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்தப் பல்லியை முதலில் காட்டியவரும் அவர்தான்.

"சார், இது வூட்டுப் பல்லி இல்லைங்க. பகல்ல திரியும். ராவுல தூங்கிடும். வாயத் தொறந்து கத்தவே கத்தாது."

அவர் ஒரு மூச்சில் சொன்னதை நான் ஆங்கிலத்தில் பதினோரு பக்கம் எழுதினேன். அதற்குப் பேர் ஆராய்ச்சி.

ஒரு பிராணியைப் 'புதுசு' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அது எப்படி இருக்கிறது என்று சொன்னால் போதாது. அதன் பங்காளிகளிடமிருந்து எப்படி மாறுபடுகிறது என்று நிரூபிக்க வேண்டும். ஏற்காட்டுப் பக்கம் ஒரு பங்காளி, கொல்லிமலையில் இன்னொரு பங்காளி. ஒருத்தருக்கு விலாவில் முள் மாதிரி செதில், இன்னொருத்தருக்குத் தொடையில் துளை ஜாஸ்தி. நம்ம ஆளுக்கு எத்தனை? ஆண் பல்லிக்குத்தான் அந்தத் துளையே உண்டு. எனக்குச் சிக்கியதோ எல்லாம் பெண். ஒரே ஒரு ஆண் கிடைத்தது – அதையும் சடையன் பாய்ந்து பிடித்ததில் வாலை விட்டுவிட்டது.

"உசுரு பெருசா, வாலு பெருசா?" என்று அதன் சார்பில் அவரே என்னைக் கேட்டார்.

சரி, பல்லி கிடக்கட்டும். சடையனுக்கு ஒரு மகள், அலமேலு. மலைப்பள்ளியில் ஆரம்பித்து, கீழே ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் டூ முடித்த பெண். ஆசிரியர் பயிற்சியில் சேர வேண்டும். அதற்குப் பழங்குடி என்று சான்றிதழ் வேண்டும். கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"மூணு தபா போய் வந்தாச்சுங்க," என்றார் சடையன். "ரிப்போர்ட் எழுதுற ஆர்.ஐ. சார் ஒரே கேள்விதான் கேக்கறாரு. மலையில இருந்துட்டா ஆச்சா? கீழ இருக்கறவனுக்கும் உனக்கும் இன்னா வித்தியாசம், எழுதிக்கினு வான்றாரு. நான் இன்னாத்த எழுதறது?"

எனக்கு ஒரே உற்சாகம். வித்தியாசம் எழுதுவதா? அதுதானே ஐயா என் தொழில்!

உடனே பேனாவை எடுத்தேன். கை பழக்கம்... பல்லிக்கு எழுதிய அதே வரிசையில் மனு வந்து விழுந்தது. வாழிடம். உணவு. நடமாடும் நேரம். நெருங்கிய உறவினரிடமிருந்து மாறுபடும் விதம்.

"பகலில் நடமாடுவர்" என்று வாசித்தேன்.

"ராவுலயும் போவோங்க. பன்னி வெரட்டணுமே," என்றார் சடையன்.

அலமேலு தாளை வாங்கிப் படித்தாள். பிறகு என் பேனாவை வாங்கி, 'நிறம்' என்று நான் எழுதியிருந்த வரியை மட்டும் அடித்தாள். "இது வேணாம் சார்," என்றாள். அவ்வளவுதான். எனக்குக் காது வரை சுட்டது.

மறுநாள் கிளம்பலாம் என்றால்... பஸ் இல்லை. தனி இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். மரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டிருந்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் என்று பொறுத்துப் பார்த்தோம். தேதி நமக்காக நிற்குமா? மூன்றாம் நாள் நடந்தே கிளம்பிவிட்டோம். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சடையனும் அலமேலுவும் பக்கத்தில். என் பையில் மனு, கைலென்ஸ், ஊறுகாய் பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்ட அந்த வாலில்லாத ஆண் பல்லி. அதை ஏன் தூக்கிக்கொண்டு போனேன் என்கிறீர்களா? அறையில் விட்டுவிட்டுப் போக பயம். வீட்டுக்காரம்மா ஏற்கெனவே இரண்டு பாட்டிலைக் குப்பையில் கொட்டியவர்.

இருபுறமும் கரும்புத் தோட்டம். நடுவே ஒரு புளியமரம் ரோட்டை அடைத்துப் படுத்திருந்தது. அதன் மேல் ஏழெட்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இறங்கி வந்து என் பையை முகர்ந்தார்.

"இன்னா சார், சரக்கா?"

"பல்லிங்க."

பாட்டிலை வெளியே எடுத்தேன். எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். இது தனி இனம் என்று யாரும் இதுவரை எழுதவில்லை, மற்றப் பல்லிகளோடு சேர்த்தே எண்ணிவிடுகிறார்கள், நான்தான் தனியாக எழுதப் பாடுபடுகிறேன் என்று வகுப்பெடுத்தேன். இந்தப் பெண்ணுக்கும் அதே பாடுதான் என்று சடையன் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஆள் கொஞ்ச நேரம் பல்லியைப் பார்த்தார். அப்புறம் அலமேலுவைப் பார்த்தார்.

"நாங்க இன்னாத்துக்கு மரத்த வெட்டிப் போட்டுக்கினு வெயில்ல குந்தினுகீறோம்? எங்களையும் தனியா எழுதுன்னுதான சார் கேக்கறோம்!" என்றவர் திரும்பிக் குரல் கொடுத்தார். "டேய், வழி உடுங்கடா. தனியா எழுதப் போறாங்களாம்!"

என் சைக்கிளை நாலு பேர் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். அந்த வாரம் தமிழ்நாட்டில் எங்களுக்குக் கிடைத்த ராஜமரியாதை வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

கள்ளக்குறிச்சியில் தாலுகா ஆபீஸ் கதவைப் பாதி சாத்தி வைத்துக்கொண்டு நடந்தது. வந்திருந்ததே நாலு பேர். வருவாய் ஆய்வாளரான அந்த ஆர்.ஐ. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என் மனுவைப் படித்தார். படிக்கப் படிக்கப் புருவம் ஏறியது.

"சாமைச் சோறு சாப்பிடுவாங்கன்னு போட்டுகீற. கீழயும்தான் சாப்பிடறான். இன்னா வித்தியாசம்? கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வூடு பரிசம் குடுக்கும்னு போட்டுகீற. கீழயும் குடுக்கறான். இன்னா வித்தியாசம்? யாருய்யா இத எழுதினது?"

நான்தான் என்றேன். பல்லி ஆராய்ச்சி செய்பவன் என்றும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"பல்லியா? அதுல இன்னாய்யா ஆராய்ச்சி? எல்லாப் பல்லியும் ஒண்ணுதான்!"

வாசகர்களே, என்னைத் திட்டுங்கள், பொறுத்துக்கொள்வேன். என் பல்லியை அப்படிச் சொல்லலாமா? பாட்டிலை மேஜை மேல் வைத்தேன். லென்ஸைக் கையில் கொடுத்தேன். "கண்ணைப் பாருங்க சார். கருவிழி வட்டமா இருக்கா? உங்க சுவத்துப் பல்லிக்கு வெயில்ல பார்த்தா கோடு மாதிரி இருக்கும். விரலைப் பாருங்க. உங்க பல்லிக்கு விரலடியில மெத்தை. இதுக்கு வெறும் நகம்."

ஆர்.ஐ. குனிந்தார். நிமிரவில்லை. "அட... ஆமாய்யா!" என்றார். கிளார்க் வந்தார், பியூன் வந்தார். லென்ஸ் கை மாறியது. வேலையில்லாத வாரம்... தொடைத் துளையை எண்ணுவதில் கிளார்க்குக்கும் பியூனுக்கும் சண்டையே வந்துவிட்டது. ஒருவர் பதினாலு என்கிறார், ஒருவர் பன்னிரண்டு என்கிறார். எனக்கு ஒரே ஆறுதல்.

"பார்த்தாலே தெரியுதே சார், இது வேற ஜாதிதான்!" என்று தீர்ப்புச் சொன்னார் ஆர்.ஐ. என் ஆராய்ச்சியை மேற்பார்த்த பேராசிரியர் இரண்டு வருஷமாகச் சொல்லாத வார்த்தை. நான் பூரித்துப்போய் நின்றேன். வந்த வேலையே மறந்துவிட்டது என்றால் நம்புவீர்களா?

அதுவரை வாசலோரம் நின்றிருந்த அலமேலு முன்னால் வந்தாள்.

"பல்லியப் பாத்ததும் தெரிஞ்சிபோச்சு இல்லைங்க சார். எங்களையும் ஒருவாட்டி மேல வந்து பாருங்க. எங்கள பாட்டில்லயா போட்டு எடுத்தார முடியும்?"

சடையன் மகளின் கையைப் பிடித்து இழுத்தார். ஆர்.ஐ. லென்ஸை மெதுவாகக் கீழே வைத்தார். அத்தனை வருஷ சர்வீஸில் அவர் ஒரு தடவை கூட மலையேறியதில்லை என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

"ரோடு திறக்கட்டும்," என்றார்.

நாங்கள் நம்பவில்லை. ஆனால் ரோடு திறந்த மறுநாளே மனுஷர் வந்துவிட்டார். திருப்பத்துக்குத் திருப்பம் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, சடையன் தோளைப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். நாலு வீட்டுக்குப் போனார், எல்லாரையும் விசாரித்தார், சடையன் வீட்டில் சாமைச் சோறு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

"ஏறும்போதே வித்தியாசம் தெரிஞ்சிபோச்சு சார்," என்றார் என்னிடம், நெஞ்சைத் தடவியபடி.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் சான்றிதழ் கையில் கிடைத்தது. அலமேலு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான். ஸ்பிரிட் நெடி என்று சமாளித்தேன்.

என் பல்லி? பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. 'வாலுடன் ஓர் ஆண் தேவை. அதுவரை இது ஏற்காட்டுப் பல்லியே.' அதற்குள் என் வேலை போனது. இந்தத் தடவை திரும்ப வரவில்லை. பாட்டிலை வீட்டுக்காரம்மா கொட்டிவிட்டார். நான் பத்திரிகையில் இப்படிப் பத்தி எழுதப் புறப்பட்டுவிட்டேன். அதனால் நஷ்டம் விலங்கியலுக்கா உங்களுக்கா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். இருமல் நின்ற கையோடு போன் அடித்தது. அலமேலு. ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்ட தலைமையாசிரியை. நான் இப்போது 'வாங்க, போங்க' என்றுதான் பேசுகிறேன்.

"சார், பேப்பர் பாத்தீங்களா? நம்ம பல்லிக்கு சர்டிபிகேட் வந்துருச்சு! அப்பா இருந்திருந்தா குதிச்சிருப்பாரு."

எனக்கு ஆற்றாமை பொங்கிவிட்டது. "என்ன அநியாயம் பாருங்கம்மா! நானும்தான் லென்ஸும் கையுமா அலைஞ்சேன். உங்களுக்குப் பன்னிரண்டு நாளுக்குள்ள கிடைச்சது. அந்தப் பல்லிக்கு மட்டும் ஏன் இத்தனை வருஷம்?"

அவர் யோசிக்கவே இல்லை.

"அது வாயத் தொறந்து கேக்கல சார்."