மூன்று தரம் வலம் வந்தேன்

மெக்சிக்கோவில் எடுத்த படங்களை இன்றைக்குத்தான் கழுவி வாங்கினேன்.

அங்கே மாயா மக்களின் இடிந்த நகரத்தைப் பார்க்கப் போயிருந்தேன். ஓரமாகச் சின்னதாக ஒரு கல் கட்டடம். கண்டவுடன் கோயில் என்று முடிவுகட்டி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கொதிக்கிற கல்லில் மூன்று தரம் வலம் வந்தேன். என்னைப் பார்த்து இரண்டு வெள்ளைக்காரரும் வெறுங்காலோடு பின்னால் வந்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

பிறகுதான் வழிகாட்டி வந்து சொன்னார், அது அந்தக் காலத்துக் குளியலறையாம்.

இன்று லிஃப்டில் எங்கள் மாடி அன்ரி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். கட்டடத்துக்கு முன்னால் நான் கைகூப்பி நிற்கிற படம்.

“உது எந்தக் கோயில், தம்பி?”

“மெக்சிக்கோவில, அன்ரி. சரியான பழசு.”

அவர் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எனக்கு ஒண்டு தாரும். சாமித்தட்டில வைக்கப்போறன்.”

“ஓம், இதையே வைச்சிருங்கோ” என்று என் வாய் சொல்லிவிட்டது.

ஆக, டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தின் ஏழாம் மாடியில், அன்ரியின் சாமித்தட்டில், பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில், ஒரு குளியலறையைக் கும்பிட்டபடி நான் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை பூசைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்.

போகவா, உண்மையைச் சொல்லவா? அன்ரி வீட்டில் கம்பியூட்டர் இல்லை, இந்த வலைப்பதிவை அவர் பார்க்கமாட்டார். தைரியமாகப் பதில் எழுதுங்கள்.