நான் கழற்றச் சொன்ன வால்வு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் வேனில் சும்மா கிடந்த தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றச் சொன்னதும் இந்த வாய்தான்.

என் வீட்டுக்காரர் ஒன்பது வருஷம் வெளிநாட்டில் லாரி ஓட்டியவர். இனிமேல் போகவே மாட்டேன் என்று வந்து, ஒரு பழைய சரக்கு வேன் வாங்கினார். சங்கரன்கோவிலில் பூக்கூடையும் காய்கறி மூட்டையும் ஏற்றி, செங்கோட்டை தாண்டி மலையேறி, புனலூரில் இறக்குவதுதான் பிழைப்பு. வண்டி வந்த அன்றைக்கே மெக்கானிக் அண்ணாச்சி இன்ஜினைப் பார்த்துவிட்டு, "இங்கன அடிக்கிற வெயிலுக்கு இந்த வால்வு எதுக்கு? தண்ணிய மறிச்சிக்கிட்டு நிக்கும். நம்ம ஊருல எல்லாரும் கழத்திருவாவ" என்றார். இவர் யோசித்தார். இவர் எதற்கும் யோசிப்பார். ஹோட்டலில் இட்லியா தோசையா என்று சொல்லவே கால் மணி நேரம் ஆகும். எனக்குப் பொறுக்கவில்லை. "இதுல என்ன யோசன? கழத்திப் போடுங்க அண்ணாச்சி" என்றேன். பெரிய இன்ஜினியர் மாதிரி!

மாசி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பங்குனி வெயிலில் முழு லோடோடு மலையேறும்போது வண்டி கொதிக்க ஆரம்பித்தது. புளியரைக்கு மேலே வளைவில் ஏறினால் ஆவி பறக்கும். ஓரங்கட்டி, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றிப் போய்ச் சேர்வதற்குள் மல்லி பழுத்துவிடும். கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பினார்கள். ரேடியேட்டரைக் கழுவினோம், பெல்ட்டை மாற்றினோம், தண்ணீர் பம்பையும் மாற்றினோம். ம்ஹூம். நாலு கேன் தண்ணீர் இல்லாமல் இவர் வண்டியை எடுப்பதே இல்லை.

ஒருநாள் சாப்பிடும்போது, "எனக்கு இந்த வண்டி ராசியில்ல ஏட்டி. பழைய கம்பெனியில திரும்பக் கூப்பிடுதாவ" என்றார். வியாழக்கிழமை புனலூர் போய்த் திரும்பும்போது கடையநல்லூரில் ஏஜென்ட் ஆபீஸில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். எங்கள் மகள் இப்போதுதான் அப்பா தட்டில் உரிமையாகக் கைவைத்து அப்பளத்தைப் பிடுங்குகிறாள். அவளிடம் நான் என்ன சொல்ல?

செவ்வாய்க்கிழமை நானும் வேனில் ஏறிக்கொண்டேன். சமதரையில் போகிறவரை சூடு காட்டும் முள் கீழேயே படுத்துக் கிடந்தது. மலையில் ஏறியதும் விறுவிறுவென்று சிவப்புக்குப் போனது. நின்ற இடத்தில் ஒரு சின்ன ஒர்க் ஷாப் இருந்தது. அங்கிருந்தவர் குனிந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, "இதில வால்வு எங்க?" என்றுதான்.

இந்த இன்ஜினில் தண்ணீருக்கு ரெண்டு வழியாம். சூடேறியதும் வால்வு ரேடியேட்டருக்குப் போகிற வழியைத் திறக்கும். இன்ஜினுக்குள்ளேயே சுற்றிவருகிற குறுக்கு வழியை அடைக்கும். வால்வு இல்லாவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். பாதித் தண்ணீர் ஆறாமலே உள்ளுக்குள் சுற்றும். அவர் சொல்லச் சொல்ல, அன்றைக்கு நான் அண்ணாச்சியிடம் சொன்னதுதான் என் காதில் கேட்டது. இவர் கேன்களைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நல்லவேளை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் காலையில் நானே கடைக்குப் போய்ப் புது வால்வு வாங்கி வந்தேன். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். இனிமேல் எதையும் பார்க்காமல் நம்புவதில்லை என்று, ரசப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து, வால்வை நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டேன். இவர் அடுப்படிக்கு வந்தார்.

"என்னட்டி செய்யுத?"

"பேசாமப் பாருங்க."

தண்ணீர் கொதிக்கப் போகிற நேரத்தில் வால்வு மெல்லத் திறந்தது. அடுப்பை அணைத்தோம், ஆற ஆற மூடிக்கொண்டது. ஒர்க் ஷாப்காரர் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டு, "அன்னைக்குக் கழத்தச் சொன்னது நாந்தான். ராசியும் இல்ல, மண்ணும் இல்ல. தப்பு என் மேலதான்" என்றேன். அழுகை வந்துவிட்டது. இவர் நூலைப் பிடித்து வால்வைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். "ரசத்துல கிரீஸ் வாடை வரப்போவுது" என்றார். அவ்வளவுதான். பாஸ்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மெக்கானிக் அண்ணாச்சிக்கு ரோஷம். "வெயிலுக்கு வால்வா?" என்று முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை, அதுவே உலக அதிசயம். கசியாமல் இருக்கப் புது கேஸ்கெட் வைத்து, கூலன்ட் ஊற்றி, காற்றுக் குமிழி அடங்கும்வரை இன்ஜினை ஓடவிட்டார்.

வியாழக்கிழமை முழு லோடு. பாஸ்போர்ட் இருந்த மஞ்சள் பை என் மடியில். கடையநல்லூர் தாண்டும் முன்னேயே முள் பாதிக்கு வந்து நின்றுவிட்டது, அதுதான் சரியான சூடாம். புளியரை வளைவுகளில் நான் ரோட்டையே பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்தேன். ஒரு மயிரிழை ஏறியது, வால்வு இன்னும் அகலத் திறந்திருக்கும் போல, திரும்பப் பாதிக்கே வந்தது. உச்சியில் பழக்கதோஷத்தில் இவர் வண்டியை நிறுத்தி, கேனோடு இறங்கினார். ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை. கேனைத் திறந்து, அந்தத் தண்ணீரை மல்லிக் கூடைகள் மேல் தெளித்தார்.

திரும்பி வரும்போது கடையநல்லூரில் கடைகளுக்கு லைட் போட்டிருந்தார்கள். ஏஜென்ட் ஆபீஸ் போர்டு தூரத்திலேயே தெரிந்தது. மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். போர்டு பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. வண்டி வேகம் குறையவில்லை.

"ஏங்க, ஆபீஸ் போயிருச்சே."

"எந்த ஆபீஸு?" என்றார் இவர். யோசிக்கவே இல்லை.